மாடிக்கு வராத புகை

ஜூன் 4

அன்புள்ள உங்களுக்கு,

ஃபோனில் கொஞ்சம் பேசினாலே எனக்கு மூச்சு வாங்குகிறது. அதைக் கேட்டதும் நீங்கள் "சரி, வை, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். எழுதும்போது வழியில் நின்று ஓய்வெடுத்துக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது எதுவும் எழுத வராது. இரண்டு பேரும் இனி இந்த முதியோர் இல்லத்தில் சேர்ந்து இருந்துவிடலாம் என்றுதானே பெட்டி கட்டிக்கொண்டு வந்தோம்? கட்டடத்துக்குள் யாரும் சிகரெட் பிடிக்கக்கூடாது என்று மேட்ரன் சொன்னார். "அப்ப எங்க போய்ப் பிடிக்கிறது?" என்று கேட்டீர்கள். அவர் ஜன்னல் வழியாக வெளிக் கேட்டைக் காட்டினார். நீங்கள் உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வந்த டாக்சியிலேயே திரும்பிவிட்டீர்கள். மிச்சம் இருந்தது நானும் என் பெட்டியும். மேட்ரன் பாவம், என் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக மேஜையிலிருந்த பேனாக்களை அடுக்கிக்கொண்டே இருந்தார்.

எனக்கு இரண்டாவது மாடியில் இடம் கொடுத்திருக்கிறார்கள். கூட இருப்பவரை எல்லாரும் தையல்காரம்மா என்கிறார்கள். பள்ளிச் சீருடை தைக்கிற கடை வைத்திருந்தாராம். அவர் வீட்டுக்காரரும் விடாமல் பிடித்தவர். இவர் கையால் தொட்டதில்லை. இருந்தும் நுரையீரல் என்னுடையது மாதிரிதான். எங்கள் இருவர் எக்ஸ்ரேயையும் மாற்றி வைத்தால் டாக்டருக்கே தெரியாது என்று சொல்லிச் சிரிக்கிறார்.

இங்கே வந்ததிலிருந்து நான் ராத்திரி எழுந்து உட்கார்ந்து இருமவில்லை. படுத்தால் விடிகிறது. குத்திக்காட்ட எழுதவில்லை. ஆனால் இதை எப்படி எழுதினாலும் குத்தத்தான் செய்யும்.

கோபம் ஆறியதும் வாருங்கள். என் கோபத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
மாடியில் இருப்பவள்


ஜூன் 11

டீச்சரம்மாவுக்கு,

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. வேலை பார்த்த காலமெல்லாம் நான் எழுதியது "லிஃப்ட் சரிசெய்யப்பட்டது" என்ற ஒரே வாக்கியம்தான். அதனால் தப்பிருந்தால் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பு.

நீ நன்றாகத் தூங்குகிறாய் என்பதைப் படித்தேன். சந்தோஷம்தான். அந்த வரியை இன்னொரு தடவையும் படித்தேன். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஆனால் நான் திரும்பி வந்ததில் என்ன தப்பு என்று இன்னும் புரியவில்லை. ஊரில் பாதிக் கட்டடங்களுக்கு லிஃப்ட் போட்டவன் நான். இந்த வயதில் ஒரு சிகரெட்டுக்காக கேட்டுக்கு வெளியே போய், பள்ளிக்கூடப் பையன் மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டுமா? அது இல்லமென்றால், அங்கே இருக்கிறவர்களுக்கு அது வீடு. வீட்டில் ஒருத்தன் தன் இஷ்டத்துக்கு உட்காரக்கூடாதா? அந்த அம்மாள் விரலை நீட்டிக் காட்டினாரே, அந்த விரல்தான் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

சும்மா கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. உங்கள் கீழ்த்தளத்தில் இருக்கிறாரே, சக்கர நாற்காலிக்காரர், முன்னாள் போஸ்ட்மாஸ்டர், அவர் என் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினார். அவருக்கு கேட் வரைக்கும் போக ஆள் வேண்டும். ஆள் கேட்டால் முகம் சுளிக்கிறார்களாம். நாங்கள் ஒரு மனு எழுதி நிர்வாகக் கமிட்டிக்குக் கொடுத்திருக்கிறோம். சிகரெட் பிடிக்கிறவர்களுக்கென்று உள்ளேயே தனி அறை வேண்டும், கதவு போட்டு, காற்றாடி வைத்து. நியாயமான கோரிக்கை. அது கிடைத்தால் மறுநாளே என் பெட்டி அங்கே இருக்கும்.

இங்கே எல்லாம் நலம். பால் ஒரு தடவை பொங்கி அடுப்பு அணைந்தது. உன் அலமாரிப் பக்கத்தைத் திறக்கவில்லை.

இப்படிக்கு,
மெக்கானிக்


ஜூன் 29

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் மனு ஜெயித்துவிட்டது. கீழ்த்தளத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில் பழைய மெத்தைகளைப் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, நாற்காலிகள் போட்டுவிட்டார்கள். சுவர் முழுக்கப் புது வெள்ளை. போஸ்ட்மாஸ்டர் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டு செய்தித்தாள் படிக்கிறார். என்னைப் பார்த்ததும், "உங்க வீட்டுக்காரர் பெரிய ஆளும்மா" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மேட்ரனுக்கு இதில் இஷ்டமில்லை. கமிட்டி முன்னால் வேண்டாம் என்றுதான் பேசினார். படுக்கைகள் காலியாக இருக்கின்றன, வருகிறவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள் என்று அவர்கள் சொல்லிவிட்டார்களாம். இங்கே தங்கியிருப்பவர்களின் சம்மதத்தையும் கேட்டார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

தையல்காரம்மா போடவில்லை. அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது. "கதவச் சாத்திட்டா பொகை உக்காந்துக்குமா? அதென்ன, சொன்ன பேச்சு கேக்குற புள்ளையா?" என்று கேட்டார். அது கீழே இருக்கிறது, நாம் இரண்டாவது மாடியில் இருக்கிறோம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், வகுப்பில் தப்பான விடையை அழுத்திச் சொல்கிற பிள்ளையை நான் பார்ப்பேனே, அது இருந்தது.

நீங்கள் வந்தால் நமக்கு இதே மாடியில் இருவர் தங்கும் அறை கொடுப்பார்கள். அதற்காகத்தான் கையெழுத்துப் போட்டேன். வேறு எதற்கும் இல்லை.

எப்போது வருகிறீர்கள்?

இப்படிக்கு,
உங்கள் டீச்சர்


ஜூலை 6

டீச்சரம்மாவுக்கு,

பார்த்தாயா? கேட்டால் கிடைக்கும். நான் அன்றைக்குத் திரும்பி வராமல் தலையாட்டிக்கொண்டு நின்றிருந்தால் இந்த அறை வந்திருக்குமா?

உடனே கிளம்பியிருப்பேன். ஆனால் கண் ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்துவிட்டார்கள். புரை முற்றிவிட்டதாம், இனித் தள்ளிப்போட முடியாது என்றார்கள். ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நாள் குனியக்கூடாது, தூக்கக்கூடாது, தூசி படக்கூடாது. மகள் வந்து இருப்பதாகச் சொன்னாள். அவள் பிள்ளைகளுக்குப் பரீட்சை, வேண்டாம் என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் சொட்டு மருந்து போட்டுவிடுவார். அவர் கை நடுங்குகிற நடுக்கத்தில் பாதி மருந்து காதுக்குத்தான் போகும், போகட்டும்.

தையல்காரம்மாவுக்குப் பயப்பட வேண்டாமென்று சொல். கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை அடிக்கச் சொல்லி போஸ்ட்மாஸ்டரிடம் விவரமாகச் சொல்லியிருக்கிறேன். புகை அந்த அறையை விட்டு நகராது. உன் மாடிக்கு வரவே வராது. இந்த விஷயத்தில் நான் சொன்னால் நம்பலாம்.

கண் சரியானதும் வருகிறேன். புதுக் கண்ணோடு உன்னைப் பார்க்க வருகிறேன், பயந்து ஓடிவிடாதே.

இப்படிக்கு,
சீக்கிரம் வரப்போகிற மெக்கானிக்


ஜூலை 25

அன்புள்ள உங்களுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று மகள் ஃபோன் செய்து சொன்னாள். கண்ணைக் கசக்காதீர்கள். உங்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். படுத்துக்கொண்டு எழுதுகிறேன். சின்ன இருமல்தான். மழைக் காலம், எல்லாருக்கும் இருக்கிறது.

தையல்காரம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேச வரவில்லை. உதடு நிறம் மாறிவிட்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து கூட்டிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்து அழுத்தினார். எங்களுக்குள் பேச்சு குறைந்திருந்தது என்று எழுதியிருந்தேனல்லவா.

என்ன காரணமென்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்று இந்தத் தடவை கேட்க மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மறக்கவில்லை.

இப்படிக்கு,
டீச்சர்


ஆகஸ்ட் 9

டீச்சரம்மாவுக்கு,

நான் நேற்று அங்கே வந்திருந்தேன். உனக்குத் தெரியாது. நீ தூங்கிக்கொண்டிருந்தாய்.

உன் போன கடிதம் சரியில்லை. உன் கடிதத்தில் எப்போதும் திட்டு இருக்கும். அதில் திட்டே இல்லை. அதனால் டாக்டர் சொன்ன நாளுக்கு முன்னாலேயே கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வந்ததும் நேராக உன்னிடம் வரவில்லை. போஸ்ட்மாஸ்டர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். அந்த அறைக்குக் கூட்டிப்போய் என்னை எல்லாருக்கும் அறிமுகப்படுத்தினார். ஒன்று பற்றவைத்தேன். நல்ல மனிதர்கள், நல்ல பேச்சு. அப்புறம் லிஃப்டில் ஏறினேன். மாடியில் கதவு திறந்ததும் அதே வாசனை. என் சட்டையிலிருந்துதான் வருகிறது என்று நினைத்தேன். உன் அறைக்குள் வந்தேன். உன் மூக்கில் குழாய். பக்கத்துக் கட்டில் காலி. உன் தோள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி ஏறி இறங்கியது. முன்பு வீட்டில் ராத்திரி இப்படித்தான் தூங்குவாய். நன்றாகத் தூங்குகிறேன் என்று நீ எழுதியதை நினைத்துக்கொண்டேன்.

சட்டையைக் கழற்றி மேட்ரனின் அறையில் வைத்துவிட்டு, அவர் கொடுத்த இல்லத்துச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு மறுபடி மாடிக்கு வந்தேன். வாசனை அப்படியே இருந்தது.

அப்போதுதான் புத்தியில் பட்டது. லிஃப்ட் என்பது ஒரு பெரிய சைக்கிள் பம்ப், டீச்சர். பெட்டி மேலே போகும்போது தனக்குக் கீழே இருக்கிற காற்றை இழுக்கும், மேலே இருப்பதைத் தள்ளும். அந்த அறைக் கதவு லிஃப்ட் வாசலைப் பார்த்து இருக்கிறது. ஆள் போக வரத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் லிஃப்ட் புகையைத் தான் ஏறி இறங்குகிற குழிக்குள் உறிஞ்சி, உங்கள் மாடியில் கொண்டுபோய் இறக்குகிறது. ரப்பர் பட்டை என்ன செய்யும்? லிஃப்டுக்குப் பக்கத்தில் புகை அறை என்று வேறு யாராவது யோசனை சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். எனக்கு வேண்டியது என்பதால் அதை நான் யோசிக்கவேயில்லை.

மேட்ரனிடம் சொன்னேன். அவர் மேஜையிலிருந்த பேனாக்களை ஒரு தடவை அடுக்கினார். பிறகு, "எனக்கு லிஃப்ட் பத்தியெல்லாம் தெரியாதுங்க. பொகை வரும்னு மட்டும் தெரியும். அன்னிக்கே சொன்னேன்" என்றார். அந்த அறையை மூடச் சொல்லி கமிட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இருபதாம் தேதி எல்லாரையும் உட்கார வைத்துப் பேசப் போகிறார்கள். அன்றைக்குப் பார்த்து எனக்குக் கண் ஆஸ்பத்திரி.

உன்னை எழுப்பியிருக்கலாம். எழுப்பி என்ன சொல்வது என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
மெக்கானிக்


ஆகஸ்ட் 21

அன்புள்ள உங்களுக்கு,

இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்து, பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, எழுப்பாமல் போவதற்கு உங்களுக்கு எப்படித்தான் மனது வந்தது? என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்கலாம். நான் பேசியிருப்பேன். நாற்பது வருடமாக அப்படித்தானே நடக்கிறது.

திட்டு வந்துவிட்டது. இனிமேல் கூட்டத்தைப் பற்றி எழுதுகிறேன்.

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்தார்கள். கமிட்டிக்காரர் உங்கள் கடிதத்தைப் படித்தார். லிஃப்ட், பம்ப் எல்லாம் பாதிப் பேருக்குப் புரியவில்லை. போஸ்ட்மாஸ்டருக்கு நன்றாகப் புரிந்தது. "இந்த ரூமைக் கேட்டதே அவர்தானே? அவருக்கு வேணும்னா தெறக்கணும், வேண்டாம்னா மூடணுமா?" என்றார். நியாயமான கேள்வி. அவர் முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் தெரிந்தது. மனைவி போன பிறகு அவருக்கு அந்த அறையில்தான் நாலு பேர் முகம் பார்க்கக் கிடைத்தது.

நான் எழுந்து நின்றேன். ஆக்ஸிஜன் சிலிண்டரை ஒரு பெண் பிடித்துக்கொண்டாள். வகுப்பில் நின்று பேசி எவ்வளவோ காலமாகிவிட்டது. "ஆமா, அவருதான் கேட்டாரு. நானும் கையெழுத்துப் போட்டேன். இப்ப அவருக்காகப் பேசல, எனக்காகப் பேசறேன். எனக்கு மூச்சு விடணும்" என்றேன். அதற்கு மேல் பேச வரவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது சிலிண்டரைப் பிடித்துக்கொண்டிருந்த அந்தப் பெண் பேசினாள். அவள் இங்கே தரை துடைத்து, குப்பை அள்ளுகிறவள். ஐந்து மாதக் கர்ப்பிணி. சாம்பல் கிண்ணங்களைக் கொட்டிக் கழுவுவதும் அவள் வேலை. "எனக்கு அந்த ரூமுக்குள்ள போனா தலை சுத்துது. வேலைய விட்டு நிறுத்திடுவாங்களோன்னு சொல்லல" என்றாள். மாடியில் இருக்கிற எங்களுக்கு மட்டும்தான் கஷ்டம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கீழே அதற்குள்ளேயே போய் வருகிறவளை யார் நினைத்தோம்?

அறையை மூட முடிவாகிவிட்டது. கட்டடத்துக்குள் எங்கேயும் புகை கூடாது. வேலை செய்பவர்களுக்கும் பார்க்க வருகிறவர்களுக்கும் அதேதான். தோட்டத்தின் கோடியில், எந்த ஜன்னலுக்கும் எட்டாத இடத்தில் கூரை போட்டு இருக்கை வைப்பார்கள். கேட்டுக்கு வெளியே யாரையும் அனுப்பக்கூடாது என்று மேட்ரனே சொன்னார். விட நினைப்பவர்களுக்கு உதவ டாக்டர் வருவார். போஸ்ட்மாஸ்டர் சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ராத்திரி சாப்பிட வரவில்லை.

தையல்காரம்மா ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் வரவில்லை. தேறி வருகிறார் என்கிறார்கள்.

இப்போது உங்களுக்கு அந்த அறை இல்லை. வாருங்கள் என்று சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் எழுதுகிறேன். அன்றைக்கு நீங்கள் திரும்பிப் போனது சிகரெட்டுக்காக இல்லை. வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தீர்கள். அந்த வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. நானும் அதைப் பார்த்தேன். எனக்கும் கால் பின்வாங்கத்தான் செய்தது.

இப்படிக்கு,
டீச்சர்


ஆகஸ்ட் 30

டீச்சரம்மாவுக்கு,

நாற்காலியைப் பற்றி நீ எழுதியது சரி. அதைப் பற்றி எனக்கு எழுத வராது.

வருகிறேன். சனிக்கிழமை. மேட்ரனிடம் பேசிவிட்டேன். இருவர் தங்கும் அறை தயாராகும் வரை கீழே இருக்கச் சொன்னார். யாரோடு தெரியுமா? போஸ்ட்மாஸ்டரோடு. வேறு கட்டில் காலியில்லையாம். அந்த அம்மாள் வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைக்கிறேன்.

வீட்டில் திரைச்சீலைகளையெல்லாம் கழற்றி ஊற வைத்தேன். தண்ணீர் டீ டிகாஷன் மாதிரி ஆகிவிட்டது. ஊற்றிவிட்டு மறுபடி ஊற வைத்தேன், மறுபடி அதே நிறம். இதற்குள்தானே நீ இத்தனை காலம் இருந்தாய்.

விட்டுவிட்டேன் என்று எழுத ஆசை. பொய் சொல்ல மாட்டேன். போன வாரம் முழுக்கத் தொடாமல் இருந்தேன். நேற்று மீட்டர் பார்க்க வந்தவனிடம் ஒன்று கேட்டு வாங்கிப் பிடித்தேன். முன்பின் தெரியாதவனிடம் கை நீட்டியிருக்கிறேன். அவன் போன பிறகு ரொம்ப நேரம் வாசலிலேயே நின்றேன். இன்றைக்கு இதுவரை இல்லை. நாளைக்கு என்னவென்று தெரியாது. இப்படிப்பட்ட ஆள்தான் வருகிறேன். பரவாயில்லையா?

இப்படிக்கு,
மெக்கானிக்


செப்டம்பர் 18
கீழ்த்தளம்

டீச்சரம்மாவுக்கு,

ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுத வேண்டியதாகிவிட்டது. எனக்குச் சளி முழுக்கப் போகிற வரை உன் மாடிப் பக்கம் வரக்கூடாது என்று மேட்ரன் தடை போட்டிருக்கிறார். உங்களுக்கெல்லாம் தொற்றினால் தாங்காதாம். சரி என்றேன். இந்த அம்மாளிடம் சரி என்று சொல்லப் பழகிவிட்டேன். இதைக் கொண்டு வருகிற பெண்ணிடம் பதில் கொடுத்தனுப்பு.

நான் வந்த நாள் முதல் போஸ்ட்மாஸ்டர் என்னோடு பேசவில்லை. ஒரே அறை, கட்டிலுக்குக் கட்டில் கை நீட்டினால் தொடலாம், ஆனால் பேச்சு இல்லை. ஆள் வந்து தள்ளிக்கொண்டு போனால்தான் அவர் தோட்டத்துக் கோடிக்குப் போக முடியும். வேலை செய்கிற பெண்களை அந்தப் புகைக்குள் அனுப்பக்கூடாது என்பது இப்போது விதி. அதனால் அவர் போகாமலே இருந்தார். ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். நேற்று எனக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியின் பிடியைப் பிடித்தேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை.

பாதை நடுவில் ஒரு மேடு. தள்ளி ஏற்றுவதற்குள் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. நின்றேன். கூரைக்கு அடியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, நான் கொஞ்சம் தள்ளி, காற்று வருகிற பக்கமாக நின்றுகொண்டேன். அவர் பற்றவைத்தார். பெட்டியை என் பக்கம் நீட்டினார். "இன்னிக்கு வேண்டாம்" என்றேன்.

"என் ரூமையும் மூடிட்டு, என்னையும் தள்ளிட்டு வர்றீங்க. நீங்க என்ன மாதிரி ஆளுன்னே புரியலையே" என்றார்.

எனக்கும் அது சரியாகப் புரியவில்லை என்று சொன்னேன். அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அடங்க நேரமாயிற்று. முதுகைத் தடவிவிட்டேன். பாதியிலேயே சிகரெட்டை அணைத்துவிட்டார். திரும்பி வரும்போது தன் மனைவியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். இன்றும் போனோம்.

பக்கத்தில் நிற்கிறபோது கை தவிக்கிறது. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவரை அங்கே தனியாக விட்டுவிட்டு வரவும் மனமில்லை.

இப்படிக்கு,
கீழே இருப்பவன்


செப்டம்பர் 19
இரண்டாவது மாடி

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் அவரைத் தள்ளிக்கொண்டு போனதை நேற்றும் அதற்கு முன்தினமும் ஜன்னலிலிருந்து பார்த்தேன். மேட்டில் நீங்கள் இடுப்பில் கை வைத்து நின்றதையும் பார்த்தேன். மேலிருந்து பார்க்க நீங்கள் ரொம்பச் சின்னதாகத் தெரிந்தீர்கள். கூப்பிடலாமா என்று நினைத்தேன், உங்கள் காதில் விழுந்திருக்காது.

தையல்காரம்மா நேற்று வந்துவிட்டார். மெலிந்திருக்கிறார், குரல் மட்டும் மெலியவில்லை. உங்களைக் காட்டினேன். "இவருதானா அந்த மனுக்காரர்?" என்றார். ஆமாம் என்றேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சட்டையில தோள்பட்டை பிரிஞ்சிருக்கு, அனுப்பச் சொல்லு, தைச்சுத் தரேன்" என்றார். அனுப்புங்கள். துவைத்து அனுப்புங்கள்.

இன்று காலை டாக்டர் என்னைக் குழாய் இல்லாமல் வராந்தாவில் நடக்க வைத்துப் பார்த்தார். நடந்தேன். இன்னும் கொஞ்சம் நடக்கலாம் என்றார். கீழே இறங்கலாமா என்று கேட்டேன். கூட ஒருவர் வந்தால் இறங்கலாமாம். தையல்காரம்மா வருவதாகச் சொல்கிறார். எங்கள் இருவரில் யார் யாரைப் பிடித்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை.

தோட்டத்துக் கோடி வரை எங்களால் வர முடியாது, வரவும் கூடாது. ஆனால் மேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சிமெண்டு பெஞ்ச் இருக்கிறது, பாதி வழியில். புகை அதுவரை வருவதில்லை, ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டேன். நாளை சாயங்காலம் அதில் உட்கார்ந்திருப்போம். உங்கள் சளிக்குப் பயந்து நீங்கள் தள்ளியே நின்று பேசலாம்.

அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பி வருகிறபோது பாருங்கள்.

இப்படிக்கு,
டீச்சர்